மூடிகளைத் தூக்கிப் போடாதீர்கள்

கானாவில் பிறந்து நைஜீரியாவின் இன்சுக்காவில் பல்லாண்டு சிற்பக்கலை கற்பித்தவர் எல் அனாட்சுயி. 1990களின் இறுதியில் வழியில் கிடந்த ஒரு பை நிறைய மதுபாட்டில் மூடிகளை எடுத்து வந்தார். கொஞ்ச காலம் அது ஸ்டூடியோவில் சும்மாவே கிடந்தது. அப்புறம் ஆயிரக்கணக்கான மூடிகளைத் தட்டையாக்கி, செம்புக் கம்பியால் கோத்துத் துணி போலத் தொங்கவிட்டார். 2015இல் இத்தாலியின் வெனிஸ் நகரில் நடந்த பியென்னாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது கிடைத்தது.

நீங்களும் செய்து பார்க்கலாம். உலோகத் திருகு மூடிதான் வேண்டும். சோடா மூடி தடிமன், கையில் மடங்காது. பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டி, பலகைமேல் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும், உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். நான்கு மூலையிலும் ஆணியால் துளையிட்டு, மெல்லிய செம்புக் கம்பியால் மூடிகளை ஒன்றோடொன்று முடியுங்கள். மோட்டார் வைண்டிங் கடையில் கழிவுக் கம்பி கேட்டால் தருவார்கள். ரொம்ப இறுக்க வேண்டாம், இறுக்கினால் மடிப்பு விழாது. சுவரில் மாட்டும்போது ஒவ்வொரு முறையும் மடிப்பை மாற்றலாம். அவருடைய படைப்புகளும் அப்படித்தான், இடத்துக்கு இடம் வேறு வடிவத்தில் தொங்கும்.