மாத்திரைப் போதை: 'சென்டர்ல போட்டாச்சு' என்ற பிறகு நடக்கும் தவறுகள்

கடலூரில் பல வருஷம் மெடிக்கல் ஷாப் கவுண்டரில் நின்றவன் நான். "பையனை சென்டர்ல போட்டாச்சு, இனி கவலையில்லை" என்று, போதை மறுவாழ்வு மையத்தில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு வந்து சொன்ன பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். கவலைப்பட வேண்டியது அவன் திரும்பி வரும் வாரத்தில்தான் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதல் தவறு, குடியையும் மாத்திரையையும் ஒன்றாக நினைப்பது. ஆல்பேட்டை தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி எல்லை, சரக்கு விலை குறைவு. அதனால் நம் பக்கம் டி-அடிக்‌ஷன் என்றாலே குடிதான் நினைவுக்கு வரும். நான் பார்த்த மையங்களும் அப்படித்தான் நடந்தன: எல்லாருக்கும் ஒரே அறை, ஒரே தியானம், ஒரே 90 நாள். ஆனால் டாபென்டடால், டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் ஹெராயின், மார்ஃபின் குடும்பம். அதிகக் குடியில் திடீரென்று நிறுத்தும்போதுதான் வலிப்பு வந்து உயிருக்கு ஆபத்து. இந்த வலி மாத்திரையை நிறுத்தினால் கொட்டாவி, மூக்கு ஒழுகல், வயிற்றுப்போக்கு, கால் குடைச்சல், தூக்கமில்லாத இரவுகள் என்று ஒரு வாரம் நரகம்தான், ஆனால் பெரும்பாலும் உயிர் போகாது. நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கும்போதுதான் போகிறது.

ஏன் என்றால், தினமும் எடுத்தவன் உடம்பு அந்த அளவுக்குப் பழகியிருக்கும். சில வாரம் விட்டால் அந்தப் பழக்கம் போய்விடும். ஆசை மட்டும் போகாது. பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும்.

என் உறவில் ஒரு பையன் 90 நாள் முடித்து வந்தான். கன்னம் பூசியிருந்தது. அம்மா வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தாள். நாலாம் நாள் சாயங்காலம் பழைய கூட்டாளியைப் பார்த்துவிட்டு வந்து படுத்தவன், பெரிதாகக் குறட்டை விட்டான். "பாவம், அசந்து தூங்குறான்" என்று அவள் ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டு நர்ஸ் பெண் தற்செயலாக வந்தவள், நீலம் பாரித்த உதட்டைப் பார்த்து அலறினாள். 108 வந்தது, பிழைத்தான். அந்த மையம் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்தது தினசரிப் பிரார்த்தனை அச்சடித்த ஒரு தாள் மட்டும். மருந்துச் சீட்டு இல்லை, அடுத்து எந்த டாக்டரைப் பார்ப்பது என்று ஒரு வார்த்தை இல்லை.

எழுப்பினால் எழாத தூக்கம், விட்டு விட்டு வரும் மூச்சு, ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி: இதைப் பார்த்தால் எலுமிச்சைச் சாறு, முகத்தில் தண்ணீர் என்று நேரத்தைக் கடத்தக் கூடாது. உடனே 108. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். என்ன எடுத்தான் என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் நலாக்சோன் என்ற முறிவு மருந்து கொடுப்பார்கள்.

அடுத்தது, நல்ல மருந்தை நாமே தடுப்பது. இந்தப் போதைக்குச் சிகிச்சையாக டாக்டர் புப்ரெனார்ஃபின் என்ற மாத்திரையை எழுதினால், "அதுவும் போதைதானே சார்?" என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஏக்கத்தை அடக்கி, மறுபடி போகாமல் ஆளை நிலைநிறுத்துகிறது. மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் தேவைப்படும். சர்க்கரை மாத்திரையை 90-ஆம் நாளில் நிறுத்தச் சொல்வோமா? ஆனால் ஒன்று, டாக்டர் மேற்பார்வையில் மட்டும்தான் இது. தானாக வாங்கிப் போட்டால் இதுவே வேறு வம்பு.

அப்புறம், ராத்திரி நாலு பேர் வந்து காரில் தூக்கிப்போகும் மையங்கள். அடி, சங்கிலி எல்லாம் சிகிச்சை இல்லை. ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்டில் சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் கருகியதை நாம் மறந்திருக்கக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 போதைப் பழக்கச் சிகிச்சைக்கும் பொருந்தும். சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது. பணம் கட்டும் முன் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மனநல டாக்டர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், வீட்டுக்கு வந்தபின் தொடர் சிகிச்சை யார் தருவார்கள் என்றும் கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

போலீஸ் பயத்தில் ஒளித்து வைப்பவர்களும் உண்டு. போதைக்கு அடிமையாகி, சிகிச்சைக்குத் தானாக முன்வருபவருக்கு, சிறிய அளவு வைத்திருந்த வழக்குகளில் விலக்குத் தர போதைப்பொருள் சட்டத்திலேயே 64-ஏ என்ற பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று தெரியவில்லையா? 14446-க்கு இலவசமாகப் பேசலாம். புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் மனநலப் பிரிவு கடலூரிலிருந்து பஸ் தூரம்தான். தங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை, ஓ.பி.யிலேயே பலருக்கு முடியும்.

அந்தப் பையன் இப்போது அப்படித்தான் போய் வருகிறான். அம்மா புப்ரெனார்ஃபின் மாத்திரையைப் புடவைப் பீரோவில் பூட்டி வைத்து, காலையில் ஒன்று எடுத்துத் தருகிறாள். நாக்கின் அடியில் அது கரையும் வரை பேச முடியாது. அந்தச் சில நிமிஷமும் எதிரே உட்கார்ந்து பேப்பர் படிப்பது போல அவனையே பார்த்துக்கொண்டிருப்பாள்.