ஃபில்டரைத் தாண்டி வரும் மண்: இன்டேக் மாற்றுகிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் ஓர் இளைஞர் தன் காரைக் கொண்டுவந்து பானெட்டைத் திறந்து காட்டினார். இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக்கை மாற்றியிருந்தார்: பளபளக்கும் அலுமினியக் குழாய், அதன் முனையில் சிவப்பு நிறக் கோன் ஃபில்டர். ஃபில்டரின் கழுத்து குழாயைவிடப் பெரிது. இடைவெளியை அடைக்கக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்று சுற்றி, அதன்மேல் கிளிப்பை இறுக்கியிருந்தார்கள். 11 ஆண்டுகளுக்கு முன் என் காரிலும் இதே டேப், இதே இடத்தில் இருந்தது.

கிளிப்பை இறுக்க மறப்பது, சென்சார் பிளக்கை மாட்டாமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை இன்ஜினே அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும். மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கெடுப்பவைதான் ஆபத்து.

பானெட்டுக்குள் வேகும் காற்று

கம்பெனி பொருத்திய ஏர் பாக்ஸ், அதாவது ஃபில்டர் உட்காரும் பெட்டி, பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அதன் மூக்கு பெரும்பாலும் ரேடியேட்டருக்கு முன்னாலிருந்து வெளிக்காற்றை இழுக்கும். அதைக் கழற்றிவிட்டு ஃபில்டரைத் திறந்தபடி இன்ஜின் பக்கத்தில் வைத்தால், ரேடியேட்டர் கக்கும் சூட்டைத்தான் அது குடிக்கும். வெளியே 35 டிகிரி, பானெட்டுக்குள் 65 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்துவிடும், அதோடு ஆக்ஸிஜனும் குறையும். காசு கொடுத்து வாங்கிய இன்டேக், சிக்னலில் நின்று கிளம்பும்போது காரை மந்தமாக்கிவிடுகிறது. உறுமல் கூடியதால் வேகமும் கூடியதாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கோன்தான் வேண்டும் என்றால், பானெட்டின் அடிப்பக்கம் வரை முட்டி அடைக்கும் தடுப்புத் தகடும் வெளிக்காற்று வர ஒரு குழாயும் சேர்த்து வாங்குங்கள். இல்லையென்றால் பழைய பெட்டிக்குள்ளேயே நல்ல ஃபில்டர் ஒன்றைப் போடுவது மேல்.

பம்பருக்குள் ஃபில்டரை இறக்குவது

மழைக்குத் தண்ணீர் தேங்கும் ஊரில் வேண்டாம். தாழ்வாக இருக்கும் ஃபில்டர் தண்ணீரை இன்ஜினுக்குள் உறிஞ்சிவிடும். தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். இன்ஜினுக்கென்று தனிப் பாதுகாப்பு எடுக்காத சாதாரண இன்சூரன்ஸில் பெரும்பாலும் இந்தச் செலவு கிடைக்காது.

ஃபில்டருக்குப் பின்னால் ஓர் ஓட்டை

இதுதான் என் காரைக் கெடுத்தது.

அப்போது நான் கோவையிலிருந்து தினமும் ஒரு கல்குவாரிச் சாலை வழியாக வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். முன்னால் எப்போதும் ஒரு டிப்பர் லாரி போகும். ஆடி மாதக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சீறி வரும்போது புழுதியில் எதிர்வண்டி தெரியாது. அந்தச் சாலைக்குப் போகிற காரில், மூன்று அங்குலக் கழுத்துள்ள ஃபில்டரை இரண்டேமுக்கால் அங்குலக் குழாயில் டேப் சுற்றி மாட்டித் தந்தார் கடைக்காரர். அளவு குறைக்கும் சிலிகான் ஸ்லீவ் ஒன்று அப்போது சில நூறு ரூபாய்தான். அதை வாங்கச் சொல்லி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

டேப்பின் பசை இன்ஜின் சூட்டில் இளகும். இளகினால் கிளிப்புக்கு அடியில் டேப் வழுக்கி விலகும். விலகிய இடத்தில் மயிரிழை அளவு இடைவெளி விழும். ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் குழாய் முழுவதும் உறிஞ்சப்படும் பகுதி. அங்கே எந்த இடைவெளி இருந்தாலும் காற்று அதன் வழியே நுழையும், வடிகட்டப்படாமல் நுழையும். 1.2 லிட்டர் இன்ஜின் 3,000 சுற்றில் முழுதாக மூச்சு இழுத்தால் நிமிடத்துக்கு 1,800 லிட்டர் வரை காற்று கேட்கும். அதில் நூற்றில் ஒரு பங்கு குறுக்கு வழியில் வந்தாலும் எவ்வளவு புழுதி என்று எண்ணிப் பாருங்கள்.

கல்தூளில் நிறைந்திருப்பது குவார்ட்ஸ். அது சிலிண்டரின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டரின் உட்சுவரான போர் சுவருக்கும் நடுவே உள்ள எண்ணெய்ப் படலம் சில மைக்ரான் தடிமன்தான். கண்ணுக்குத் தெரியாத தூள் அந்தப் படலத்துக்குள் சிக்கி எமரித் தாள்போல இரண்டு பக்கமும் தேய்க்கும். மீட்டர் பலகையில் விளக்கு எதுவும் எரியாது. வண்டி நன்றாகத்தான் ஓடும்.

14,000 கிலோமீட்டரில் டிப்ஸ்டிக்கில் எண்ணெய் கீழ்க்கோட்டுக்கு இறங்கியது. ஊற்றினேன், மறுபடி இறங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை வந்தது. ஹெட்டைக் கழற்றிய மெக்கானிக் என்னை அருகில் அழைத்து, போர் சுவரில் என் விரல் நகத்தை வைத்து கீழிருந்து மேலே இழுக்கச் சொன்னார். ரிங் திரும்பும் இடத்தில் நகம் ஒரு படியில் தட்டி நின்றது. “தம்பி, இந்த இன்ஜின் மண் தின்றிருக்கிறது” என்றார். போர் வேலை, புது பிஸ்டன், புது ரிங் எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய் ஆனது.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இன்டேக் மாட்டி 500 கிலோமீட்டர் ஓடியதும் த்ராட்டில் பக்கத்து ஹோஸைக் கழற்றி, வெள்ளைத் துணியை விரலில் சுற்றிக் குழாயின் உட்புறத்தைத் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வர வேண்டும். பழுப்புக் கோடு விழுந்தால், அந்த மண்ணின் ஒரு பகுதி ஏற்கெனவே இன்ஜினுக்குள் போய்விட்டது என்று பொருள். ஃபில்டர் வாங்கும்போது கழுத்தின் உள்விட்டத்தையும் குழாயின் வெளிவிட்டத்தையும் கையால் அளந்து பார்த்து வாங்குங்கள். டேப், எம்-சீல், சைக்கிள் டியூப் எதுவும் அளவுக்கு ஈடாகாது. குழாயில் துளை போட வேண்டியிருந்தால் வண்டியிலிருந்து கழற்றிப் போட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகே மாட்டுங்கள். அலுமினியச் சுருளும் மண் செய்வதைத்தான் செய்யும்.

மாஃப் சென்சார் உள்ள காரில் பெரிய குழாய்

மாஃப் என்பது இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சார். அது கம்பெனிக் குழாயின் விட்டத்தை வைத்துத்தான் காற்றைக் கணக்கிடுகிறது. 70 மில்லிமீட்டருக்குப் பதில் 76 மில்லிமீட்டர் போட்டால் பரப்பு 18 சதவீதம் கூடும். சென்சாரைக் கடக்கும் காற்றின் வேகம் குறையும். காற்று குறைவாக வருகிறது என்று நம்பி இன்ஜின் பெட்ரோலைக் குறைக்கும். சென்சார் உட்காரும் இடத்திலாவது பழைய விட்டம் அப்படியே இருக்கட்டும். காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள கார்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவது

பருத்தி ஃபில்டரில் தூசு ஒட்டப் பூசும் எண்ணெய் மடிப்புக்கு ஒரு கோடு போதும். மிஞ்சியது மாஃப் சென்சாரின் கம்பியில் போய்ப் படியும்.

மாதாமாதம் கழுவுவது

வேண்டாம். கொஞ்சம் தூசு படிந்த ஃபில்டர் புதிதாகக் கழுவியதைவிட நன்றாக வடிகட்டும்.

பிரீதர் ஹோஸை அடைப்பது

இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் குழாய் இது. ஒருபோதும் அடைக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் கசியும்.

பழைய பெட்டியை விற்பது

அந்த இளைஞரின் குழாயைக் கழற்றித் துடைத்தோம். துணியில் சுண்டுவிரல் அகலத்துக்குப் பழுப்புக் கோடு. ஓடியது 3,000 கிலோமீட்டர்தான். புகை இல்லை, டிப்ஸ்டிக்கில் எண்ணெயும் இறங்கவில்லை. ஏர் பாக்ஸை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பழைய இரும்புக்குப் போடலாம் என்றிருந்ததை அவருடைய அம்மா எடுத்துப் பரணில் வைத்திருந்தாராம். அன்று மாலையே பெட்டியோடு வந்தார், இரண்டு பேருமாக மாட்டினோம்.