மந்தமான இணையத்தில் மின்னஞ்சலை விரைவாக இறக்குவது

அன்றைய டேட்டா தீர்ந்ததும் பல செல்பேசித் திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸாக, அதாவது நொடிக்குச் சுமார் 8 கேபியாக, இறங்கிவிடுகிறது. இரண்டு பக்கக் கடிதத்துக்கு அதுவே போதும். சில நொடிகளில் வந்துவிடும். ஆனால் யாரோ அனுப்பிய 3 எம்பி புகைப்படம் அதற்கு முன்னால் வரிசையில் நின்றால் கதை வேறு. அஞ்சலில் செல்லும் கோப்பின் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்துகளாக மாற்றப்படுவதால், அந்தப் படம் 4 எம்பியாகப் பெருத்து, எட்டு நிமிடத்துக்கு மேல் வழியை அடைத்துக்கொள்ளும். ஆகவே வேகத்தைக் கூட்ட முடியாத இடத்தில், எது இறங்க வேண்டும் என்பதையாவது நாம் முடிவு செய்ய வேண்டும்.

கணினியில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளை வைத்திருப்பவர்கள், அக்கவுண்ட் செட்டிங்ஸில் உள்ள சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறக்கவும். எல்லா ஃபோல்டர்களையும் கணினியில் வைத்துக்கொள்ளும் தேர்வை நீக்கிவிட்டு, அட்வான்ஸ்டு பொத்தானை அழுத்தி, இன்பாக்ஸை மட்டும் டிக் செய்யவும். அதே பக்கத்தின் கீழ்ப்பகுதியில், கடைசி 30 நாள் அஞ்சல்கள் மட்டும் போதும் என்றும், 50 கேபிக்கு மேற்பட்டவற்றை இறக்க வேண்டாம் என்றும் குறிக்கலாம். பெரிய அஞ்சல்கள் இதனால் தொலைந்துபோகா. அவற்றின் தலைப்பு பட்டியலில் தெரியும், கிளிக் செய்யும்போதுதான் உள்ளடக்கம் சர்வரிலிருந்து வரும். இந்த இரண்டு வரம்புகளில் அளவு வரம்புதான் அதிகப் பலன் தருவது என்பது என் கணிப்பு.

ஜிமெயில்காரர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஒரே அஞ்சல் இன்பாக்ஸிலும், அஞ்சல்களை ஒன்றாகத் திரட்டிக் காட்டும் ஆல் மெயிலிலும் தோன்றுவதால், இரண்டையும் ஒத்திசைக்கும் மென்பொருள் அதை இருமுறை இறக்கக்கூடும். உலாவியில் ஜிமெயில் அமைப்புகளின் லேபிள்கள் பகுதிக்குச் சென்று, ஆல் மெயிலுக்கு எதிரே உள்ள ஐமேப் (அஞ்சல்களைச் சர்வரிலேயே வைத்து மென்பொருளுடன் ஒத்திசைக்கும் முறை) டிக்கை எடுத்துவிடவும்.

ஒவ்வொரு முறை அஞ்சல் பார்க்கும்போதும் புதிதாகத் தொடர்பு ஏற்படுத்தினால், கடிதம் எதுவும் வராமலே சர்வருடன் பலமுறை பேச்சு நடக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்திருப்பதை அரை மணி நேரமாக்கலாம்.

ஐமேப்புக்குப் பதிலாக, அஞ்சல்களைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பாப் முறையைப் பயன்படுத்துவோர், தண்டர்பேர்டின் சர்வர் செட்டிங்ஸில் தலைப்புகளை மட்டும் இறக்கும் தேர்வை டிக் செய்யலாம். வேண்டிய கடிதத்தைத் திறந்து மீதியை இறக்கிக்கொள்ளலாம். அஞ்சல்களைச் சர்வரிலேயே விட்டுவைக்கும் தேர்வும் டிக்கில் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளவும்.