இடுப்பு பிடித்துக்கொள்ளாமல் இருக்க: வீட்டிலேயே செய்யக்கூடிய 15 நிமிடக் கோர் பயிற்சி

விடியற்காலையில் புதுச்சேரி பீச் ரோட்டிலோ கடலூர் சில்வர் பீச்சிலோ நின்று பாருங்கள். நடை முடித்ததும் பலர் கால் நீட்டிக் குனிந்து கட்டைவிரலைத் தொட முயல்வார்கள். இளவட்டங்கள் மணலில் மல்லாந்து மளமளவென்று சிட்-அப் எடுப்பார்கள். முதுகு வலிக்கக் கூடாது என்றுதான் செய்கிறார்கள். ஆனால் முதுகுக்கு அந்த நேரத்தில் ஆகவே ஆகாதவை அந்த இரண்டும்தான்.

காரணம் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க். நம் ஊரில் ஜவ்வு என்போமே, அதுதான். இரவெல்லாம் படுத்திருக்கும்போது அது நீரை உறிஞ்சி உப்புகிறது. அதனால்தான் காலையில் நம் உயரம் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குக் கூடியிருக்கிறது. உப்பிய ஜவ்வை மடக்கினால் அதன் சுவரில் ஏறும் அழுத்தம் மற்ற நேரத்தைவிடப் பல மடங்கு. எழுந்து நடமாடினால் முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதி உப்பலாவது வடிந்துவிடும். ஆகவே 5 மணிக்கு எழுபவர் 6 மணி வரை நடக்கலாம், வாசல் தெளிக்கலாம். ஆழமாகக் குனிய வேண்டாம், தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம். கீழே வரும் பயிற்சிகளையும் அந்த ஒரு மணி நேரம் கழித்தே தொடங்குங்கள்.

கோர் என்பது எது?

சிக்ஸ் பேக் என்று நினைத்துக்கொள்கிறோம். அது முன்பக்கத்துத் தசை மட்டும். கோர் என்பது வயிற்றைச் சுற்றி ஒரு டிரம் மாதிரி அமைந்த தசைக்கூட்டம். முன்னால் வயிற்றுத் தசை, இரண்டு பக்கமும் சாய்தசைகள், பின்னால் முதுகெலும்பை ஒட்டிய சின்னச் சின்னத் தசைகள், மேலே உதரவிதானம், அடியில் சிறுநீரை அடக்கும் இடுப்புத்தளத் தசைகள். பிட்டத் தசையையும் இதோடு சேர்த்துக்கொள்வதே நடைமுறைக்கு நல்லது.

பந்தலுக்கு நடுக்கால் நட்டு நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டுவார்கள். ஒரு கயிறு தொய்ந்தால் மற்ற மூன்றை எவ்வளவு முறுக்கினாலும் கால் சாயும். முதுகெலும்புக்கும் அதே கதைதான். கையும் காலும் ஓடி ஆடும்போது இடுப்பை அசையாமல் வைத்திருப்பதே கோரின் முதல் வேலை. அதை மடக்கி மடக்கிப் பழக்கினால் அந்த வேலையை அது கற்றுக்கொள்ளாது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு இயக்கவியலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் இதைத்தான் வற்புறுத்தினார். ஒரு சிட்-அப் எடுக்கும்போது இடுப்புப் பகுதி முதுகெலும்பின் மேல் 3,000 நியூட்டனுக்கு மேல் அழுத்தம் ஏறுவதாக அவர் கணக்கிட்டார். ஏறத்தாழ 300 கிலோ எடை. அதையே ஐம்பது தடவை மடங்கிய முதுகின் மேல் ஏற்றுவானேன்? கீழே உள்ளவற்றில் இரண்டு, மூன்று, நான்காம் படிகள் அவர் பரிந்துரைத்த மூன்று பயிற்சிகள்.

யார் தொடங்கக் கூடாது?

வலி முழங்காலுக்குக் கீழே இறங்கி மரத்துப் போகிறது, பாதத்தைத் தூக்க முடியவில்லை, கீழே விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, இரவில் படுத்தாலும் தணியாத வலி: இதில் எது இருந்தாலும் முதலில் மருத்துவர். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ தொடை இடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகள், சிசேரியன் ஆனவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கவும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் எந்தப் பயிற்சியிலும் மூச்சைப் பிடித்து நிறுத்தக் கூடாது.

இடமும் பொருளும்

யோகா மேட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள். மொசைக் தரையில் கோரைப்பாய் வழுக்கும், முழங்கையும் உரசிச் சிவக்கும். உலர்ந்த கடற்கரை மணலும் வேண்டாம். முழங்கை புதையப் புதைய உடம்பின் கோடு மாறிக்கொண்டே இருக்கும், செய்வது சரியா தவறா என்றே தெரியாது. ஒரு நீளக் கம்பு, 10 லிட்டர் பெயிண்ட் வாளி, ஒரு எவர்சில்வர் தட்டு, இவ்வளவு போதும். நம் பக்கத்துப் புழுக்கத்தில் வெயில் ஏறிய பிறகு செய்தால் வியர்வையில் கை வழுக்கும். காலை 7 மணிக்குள் அல்லது மாலை.

முதல் படி: வயிற்றை இறுக்கக் கற்பது

இதைத் தாண்டிப் போக அவசரப்படாதீர்கள். மற்ற எல்லாப் பயிற்சியும் இதன் மேல்தான் நிற்கிறது.

மல்லாந்து படுத்து இரண்டு முழங்காலையும் மடக்குங்கள். இடுப்பெலும்பு முன்னால் துருத்தும் இடத்திலிருந்து இரண்டு விரற்கடை உள்பக்கமாக விரல்நுனியை அழுத்தி வையுங்கள். லேசாக ஒரு தடவை இருமுங்கள். விரலுக்கு அடியில் ஏதோ கெட்டியாகி வெளியே தள்ளுகிறது அல்லவா? அதை இருமாமல் வரவழைக்க வேண்டும். யாரோ வயிற்றில் செல்லமாகக் குத்த வந்தால் எப்படி இறுக்குவோமோ அப்படி. முழு பலத்தையும் போடாதீர்கள், கால்வாசி போதும். இறுக்கம் குறையாமல் ஐந்து மூச்சு விடுங்கள். பிறகு தளர்த்துங்கள். ஐந்து தடவை.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, தொப்புளை முதுகோடு ஒட்டுவதுபோல வயிற்றை உள்ளே இழுப்பது. உள்ளே இழுத்தால் டிரம் ஒல்லியாகிவிடும், பந்தல் கயிறு கட்டும் முளைகள் காலுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி. இன்னொரு தவறு மூச்சடக்குவது. மெதுவாக ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுங்கள். பேச முடிந்தால் மூச்சு ஓடுகிறது என்று பொருள். மூன்று நாள் இதை மட்டும் செய்தாலும் நஷ்டமில்லை.

இரண்டாம் படி: சின்ன கர்ல்-அப்

மல்லாந்து படுங்கள். ஒரு காலை நீட்டி, மறுகாலை மடக்குங்கள். இரண்டு உள்ளங்கையையும் தரையைப் பார்க்க, இடுப்பின் வளைவுக்கு அடியில் செருகுங்கள். அந்த வளைவு கையை நசுக்கவும் கூடாது, கையை விட்டு எழும்பவும் கூடாது. வயிற்றை இறுக்கி, தலையையும் தோளையும் சேர்த்து, தலைக்கு அடியில் ஒரு காகிதத்தை உருவும் அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். 10 நொடி. இறக்குங்கள். பாதி எண்ணிக்கையில் கால் மாற்றுங்கள்.

கழுத்து வலித்தால் நீங்கள் மோவாயை நெஞ்சுக்கு இழுக்கிறீர்கள். நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி வைத்தால் கழுத்து பெரும்பாலும் தானே நேராகும். அப்போதும் வலித்தால் தலையைத் தூக்காமல், தூக்கப் போகும் நிலை வரை இறுக்கி நிறுத்தினால் போதும்.

மூன்றாம் படி: பேர்ட் டாக்

கைகள் தோளுக்கு நேர் கீழே, முழங்கால்கள் இடுப்புக்கு நேர் கீழே இருக்கும்படி நாலுகால் நிலை. வயிற்றை இறுக்கி, இடது காலைப் பின்னால் நீட்டுங்கள். குதிகால் சுவரைத் தள்ளுவதாக நினைத்துக்கொண்டால் கால் தேவைக்கு மேல் உயராது. கால் நிலைத்ததும் வலது கையை முன்னால் நீட்டி முஷ்டியை இறுக்குங்கள். 10 நொடி. பிறகு கையையும் முழங்காலையும் தரையில் ஒரு பெருக்குப் பெருக்கி, எடையை ஊன்றாமல் அதே பக்கம் மறுபடி நீட்டுங்கள்.

காலை எவ்வளவு உயர்த்துகிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் இந்தப் பயிற்சியையே கெடுக்கிறது. இடுப்பு மட்டத்துக்கு மேல் கால் போனால் உயர்வது கால் இல்லை, முதுகு தொட்டில் மாதிரி தொய்கிறது. எவர்சில்வர் தட்டை இடுப்பின் மேல் வைத்துச் செய்து பாருங்கள். இடுப்பு ஒரு பக்கம் திரும்பினாலும் தட்டு சறுக்கி விழும். பக்கத்தில் நின்று திருத்த ஆள் இல்லாதவர்களுக்கு அந்தச் சத்தம்தான் வாத்தியார். விழுந்துகொண்டே இருந்தால் ஒரு வாரம் கையை ஊன்றியே வைத்துக் காலை மட்டும் நீட்டுங்கள்.

நான்காம் படி: பக்கவாட்டு பிளாங்க்

ஒருக்களித்துப் படுத்து, முழங்கையைத் தோளுக்கு நேர் கீழே ஊன்றுங்கள். முழங்கால்கள் மடங்கியிருக்கட்டும். மேல் கையைக் குறுக்கே கொண்டுவந்து ஊன்றிய தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது இடுப்பை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே மேலே தூக்குங்கள். தோள், இடுப்பு, முழங்கால் ஒரே கோட்டில் வர வேண்டும். 10 நொடி.

தூக்கும்போது இடுப்பு பின்னால் போவதுதான் எல்லோருக்கும் நேர்வது. சுவரில் முதுகு பட்டும் படாமல் படுத்துச் செய்தால் பிட்டம் சுவரில் இடிப்பதை வைத்தே கண்டுபிடிக்கலாம். தோள் வலிக்கிறது என்றால் முழங்கை தோளைவிடத் தள்ளி இருக்கிறது. அதைச் சரிசெய்தும் வலித்தால், நின்றுகொண்டு முழங்கையைச் சுவரில் ஊன்றிச் சாய்ந்து செய்யலாம். ஒரு பக்கம் சுலபமாகவும் மறுபக்கம் நடுங்கியும் இருந்தால் நடுங்கும் பக்கத்துக்கு ஒரு தடவை கூடுதலாகச் செய்யுங்கள். ஆறு வாரத்துக்குப் பிறகு கால்களை நீட்டி, மேல் பாதத்தை முன்னால் வைத்து, பாதங்களின் மேல் எழும்பலாம்.

ஐந்தாம் படி: பிரிட்ஜ்

மல்லாந்து, முழங்கால் மடக்கி, பிட்டத்தை இறுக்கி இடுப்பைத் தூக்கி 5 நொடி. 8 தடவை. பின்தொடைச் சதை பிடித்துக்கொண்டால் குதிகாலைப் பிட்டத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுவாருங்கள்.

ஆறாம் படி: கம்பும் வாளியும்

தரையில் கற்றதை நின்று நடக்கும்போது பயன்படுத்தாவிட்டால் பலன் பாதிதான்.

சிலம்பக் கம்போ ஒட்டடைக் கம்போ எடுத்து முதுகோடு நிறுத்துங்கள். பின்தலை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு, மூன்றும் கம்பைத் தொட வேண்டும். முழங்காலை லேசாகத் தளர்த்தி, பின்னால் இருக்கும் கதவைப் பிட்டத்தால் சாத்துவதுபோல இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனியுங்கள். மூன்று தொடலும் விலகாமல் 10 தடவை. வால் எலும்பு விலகினால் இடுப்பு வளைகிறது, தலை விலகினால் மோவாய் நீள்கிறது. 20 லிட்டர் தண்ணீர் கேனையும் கேஸ் சிலிண்டரையும் நகர்த்த இப்படித்தான் குனிய வேண்டும். நிறைந்த சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ.

அடுத்து, பெயிண்ட் வாளியில் 5 லிட்டர் தண்ணீர் ஊற்றி ஒரு கையில் மட்டும் தூக்கி, மொட்டை மாடியில் 20 மீட்டர் நடங்கள். கை மாற்றித் திரும்புங்கள். வாளிக்கு எதிர்ப்பக்கம் சாயக் கூடாது. தண்ணீர் தளும்பினால் இடுப்பு ஆடுகிறது என்று அர்த்தம். ஒரு லிட்டர் என்பது ஒரு கிலோ என்பதால் வாரத்துக்கு ஒரு லிட்டராகக் கூட்டுவது எளிது.

எவ்வளவு, எப்படிக் கூட்டுவது?

இரண்டு, மூன்று, நான்காம் படிகளுக்கு 6-4-2 என்ற இறங்குமுறை. ஒவ்வொன்றும் 10 நொடி. முதல் செட்டில் பக்கத்துக்கு 6, அரை நிமிட ஓய்வு, அடுத்து 4, பிறகு 2. புதிதாகத் தொடங்குபவர் முதல் இரண்டு வாரம் 3-2-1 போதும், அதுவே பயிற்சியை 15 நிமிடத்துக்குள் முடித்துவிடும். வாரம் நான்கு நாள். பிரிட்ஜ், கம்பு, வாளி ஆகியவை ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

பழகப் பழக நொடியைக் கூட்டாதீர்கள், எண்ணிக்கையைக் கூட்டுங்கள். தசை இறுகியிருக்கும்போது அதற்குள் ரத்த ஓட்டம் குறையும், விட்டதும் திரும்பும். விட்டுவிட்டுச் செய்தால் வடிவம் கெடாமல் அதிக நேரம் பழகலாம். முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பைப் பலகைபோல நிறுத்தும் இரண்டு நிமிட பிளாங்க் சவாலில் நடப்பதைக் கவனியுங்கள். களைப்பு வந்ததும் இடுப்பு தொங்குகிறது, பிறகு சுமையைத் தாங்குவது தசை இல்லை, எலும்பு மூட்டு. தசையில் சோர்வும் எரிச்சலும் வரலாம். முதுகெலும்பில் சுருக்கென்று குத்தினால் அன்று அந்தப் பயிற்சியை விட்டுவிடுங்கள்.

விளையாடுபவர்களுக்கு

வேகப்பந்து வீசும் பையன்களை முதலில் சொல்ல வேண்டும். பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, சுழன்று வீசும்போது இடுப்பின் கீழ் எலும்புகளில் நுண்ணிய விரிசல் விழுவதுண்டு. வலதுகைக்காரனுக்குப் பெரும்பாலும் இடப்பக்கம். எலும்பு முதிராத பதின்வயதில் ஆபத்து கூடுதல். பின்னால் வளையும்போது ஒரு பக்கம் மட்டும் வலித்தால் பந்துவீச்சை அன்றே நிறுத்திவிட்டு விளையாட்டுக் காய மருத்துவரைப் பாருங்கள். ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ தேவைப்படும். கோர் வலுவாக இருக்கிறது என்பதற்காக ஓவர்களைக் கூட்டிக்கொண்டே போவது பயிற்சியாளர் செய்யக் கூடாத தவறு.

வாலிபால், கபடி ஆடுபவர்கள் குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடிகிறதா என்று செல்போனில் முன்னாலிருந்து வீடியோ எடுத்துப் பாருங்கள். உடம்பு ஒரு பக்கம் ஆடினால் அந்தச் சுமை முழங்கால் தசைநாருக்குப் போகிறது. பக்கவாட்டு பிளாங்க்கையும் பிரிட்ஜையும் இவர்கள் விடவே கூடாது. கால்பந்துக்காரர்களுக்கு ஃபிஃபாவின் 11 பிளஸ் என்ற 20 நிமிட வார்ம்-அப்பிலேயே பிளாங்க்கும் பக்கவாட்டு பிளாங்க்கும் இருக்கின்றன.

பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து புதுச்சேரிக்கு வந்த, உலோகக் குண்டு எறியும் பெத்தாங்க் ஆட்டத்தில் குண்டு முக்கால் கிலோதான். ஆனால் ஒரு மாலையில் அதைப் பொறுக்க எத்தனை தடவை குனிகிறோம்! கம்புப் பயிற்சியில் கற்றபடி குனியுங்கள். அல்லது ஒரு காலைப் பின்னால் தூக்கி, எதிர்க் காலில் நின்று பொறுக்குங்கள். கடலூர்-புதுச்சேரி சாலையில் தினமும் பைக்கில் போய் வருபவர்கள், இறங்கிய கையோடு பந்தையோ பையையோ எடுக்காமல் ஐந்து நிமிடம் நடக்கவும். நெடுநேரம் வளைந்திருந்த முதுகின் நார்கள் தொய்ந்துபோயிருக்கும், இறுக அவகாசம் வேண்டும்.

கடற்கரையில் ஓடுபவர்கள் அலை தொடும் சரிவில் ஓடினால் கடல் பக்கத்துக் கால் எப்போதும் தாழ்ந்தே இறங்கும், இடுப்பு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும். ஈரமும் சமமும் உள்ள பட்டையைத் தேடி ஓடுங்கள். சரிவைத் தவிர்க்க முடியவில்லையென்றால் போன தூரத்தையே திரும்பியும் ஓடுங்கள், சாய்வு இரண்டு பக்கத்துக்கும் சமமாகப் பிரியும்.