வேன் வண்டியில் இரண்டாவது பேட்டரி: ஓட்டத்திலேயே சார்ஜ் ஏற்றுவது எப்படி?

வண்டியில் ஃப்ரிட்ஜ், ஃபேன் வைத்து இரவு தங்குபவர்களுக்குத் தனி பேட்டரி வேண்டும்; மெயின் பேட்டரியை நம்பினால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. பேட்டரியை ஆடாமல் கட்டுவது, வேலைக்கு முன் மைனஸைக் கழற்றுவது எல்லாம் தெரிந்ததுதான். நேரே ஒயரிங்குக்கு வருகிறேன்.

பழைய வண்டி, லெட் ஆசிட் பேட்டரி என்றால் இரண்டு பேட்டரியையும் 13.3 வோல்ட்டில் சேர்த்து 12.8-ல் பிரிக்கும் ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) போதும். பிஎஸ்6 புகை விதிப்படி வந்த புது வண்டிகள் பலவற்றில், இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் ஓட்டத்திலேயே வோல்ட்டேஜைக் குறைத்துக்கொள்ளும், ரிலே பிரிந்துவிடும். லித்தியம் பேட்டரியோ கரண்டை அள்ளி இழுத்து ஆல்டர்னேட்டரையே சூடாக்கும். என் ஓட்டு 30 ஆம்ப் டிசி-டிசி சார்ஜருக்குத்தான்; வரும் வோல்ட்டேஜ் குறைந்தாலும் பேட்டரிக்கு வேண்டியதைக் கொடுக்கும், கரண்டையும் அளவோடுதான் இழுக்கும். அதை இரண்டாவது பேட்டரி பக்கத்திலேயே மாட்டுங்கள்.

அடுத்து, மெயின் பேட்டரியிலிருந்து சார்ஜருக்கு வரும் பிளஸ் ஒயர். சார்ஜர் உள்ளே இழுப்பது 40 ஆம்ப் வரை போகும். 5 மீட்டர் நீளத்துக்கு 6 ஸ்கொயர் எம்எம் போட்டால் 0.6 வோல்ட் ஒயரிலேயே போய்விடும்; 16 போட்டால் கால் வோல்ட்டுக்குள் அடங்கும். மலிவான ஆம்ப்ளிஃபயர் ஒயர் வேண்டாம். பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். இரண்டு பேட்டரியின் பிளஸிலும், ஒரு சாண் தூரத்துக்குள், 60 ஆம்ப் ஃபியூஸ். ஒன்று போதாது, ஒயர் உரசி ஷார்ட் ஆனால் கரண்ட் இரண்டு பக்கமிருந்தும் வரும். ஒயர் நுனியில் மாட்டும் வளையமான லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரால் அழுத்துங்கள், சுத்தியல் வேண்டாம்.

பலர் சறுக்குவது மைனஸில். மெயின் பேட்டரியின் மைனஸ் முனையில் சின்னப் பெட்டி மாதிரி ஒரு சென்சார் இருக்கிறதா பாருங்கள். உள்ளே போகும், வெளியே வரும் கரண்டை எண்ணுவது அது. முனையிலேயே உங்கள் மைனஸை மாட்டினால் அதன் கணக்குத் தப்பும். சார்ஜர், இரண்டாவது பேட்டரி இரண்டின் மைனஸையும் பாடியில் கொடுங்கள். போல்ட்டைச் சுற்றி பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளபளக்க வேண்டும். பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். சார்ஜ் ஏறும்போது அந்த போல்ட்டுக்கும் மெயின் மைனஸுக்கும் நடுவே மல்ட்டிமீட்டர் வைத்தால் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது.

கடைசியாக சார்ஜரில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுங்கள். லித்தியம் என்றால் 14.2 முதல் 14.4 வோல்ட்.

பிற்சேர்க்கை: சார்ஜரை ஆன் செய்யும் சிக்னல் ஒயரை, சாவி போட்டதும் உயிர் வரும் இக்னிஷன் ஃபியூஸில் கொடுத்த நண்பருக்கு மெயின் பேட்டரி இறங்கிவிட்டது. இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டுப் பாட்டுக் கேட்டிருக்கிறார். சார்ஜர் அப்போதும் இழுத்திருக்கிறது. இன்ஜின் ஓடினால் மட்டும் உயிர் வரும் ஒயரில் கொடுங்கள். கிடைக்காவிட்டால் சிக்னல் ஒயரில் ஒரு சுவிட்ச் போதும்.