பேச்சாளர் இல்லாமல் மன்றம் நடத்துவது

எங்கள் கல்லூரி அரசியல் மன்றத்தின் முதல் கூட்டத்துக்குப் பேச்சாளரை அழைத்தோம். வந்தது பதினோரு பேர், அதில் நான்கு பேர் சமோசாவுக்காக. அப்புறம்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்தோம். மனு எழுத வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், அவ்வளவுதான் செலவு. “கல்லூரி வாசல் பஸ் நிழற்குடை ஏன் பாதியில் நிற்கிறது?” என்று கேட்காதீர்கள். ஒதுக்கிய தொகை, பணி ஆணை நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். எங்களுக்கு வரவில்லை, அதே அலுவலகத்தின் மேலதிகாரிக்கு அனுப்பும் முதல் மேல்முறையீட்டை எல்லாரும் சேர்ந்து எழுதினோம். அன்றைக்குத்தான் அறை நிரம்பியது!

ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தேதிகளில் கிராம சபை நடக்கும். அந்த ஊர் வாக்காளராக உள்ள நண்பனோடு போங்கள். கேள்வியை அவன் கேட்கட்டும், நீங்கள் குறிப்பெடுங்கள். எங்கள் நண்பன் குடிநீர்த் தொட்டியைப் பற்றிக் கேட்டான். அவன் அப்பாவே முறைத்தார்.

வாக்காளர் சேர்ப்பு சுலபம்தான். 17 வயது முடிந்தாலே படிவம் 6 முன்கூட்டியே கொடுக்கலாம். விடுதியில், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மேசை போடுங்கள். பகலில் ஒருவரும் நிற்க மாட்டார்கள்.