ஹெல்சிங்லாந்தின் ஓவிய மரவீடுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவீடனின் கிழக்குப் பகுதியிலுள்ள ஹெல்சிங்லாந்தில் வசதி படைத்த உழவர்கள் கட்டிய ஓவிய மரவீடுகளுள் ஏழினை யுனெஸ்கோ 2012-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இவற்றைப் பற்றி எழுதுவோரும் காணச் செல்வோரும் சில பிழையான எண்ணங்களைக் களைந்துவிட்டு அணுகுவது நல்லது.

செதுக்கு வேலைப்பாடு மிக்க வாயில் முகப்பையும் இரண்டு மாடி உயரத்தையும் கண்டு இவற்றைப் பிரபுக்களின் மாளிகைகள் என்று எழுதிவிடக் கூடாது. சுவீடனின் உழவர்கள் பண்ணையடிமைகளாக இருந்தவர்கள் அல்லர். நான்கு பிரிவினர் தனித்தனியே கூடிய அந்நாட்டின் பழைய நாடாளுமன்றத்தில், அது 1866-இல் மாற்றியமைக்கப்படும் வரை, உழவர்களுக்கெனத் தனி அவையே இருந்தது. சொந்த நிலமும் காடும் உடைய ஹெல்சிங்லாந்து உழவர்கள் நார் தரும் ஆளிச்செடியைப் பயிரிட்டும் அந்த நாரால் லினன் துணி நெய்தும் சேர்த்த செல்வமே 19-ஆம் நூற்றாண்டில் இந்த வீடுகளாக எழுந்தது.

ஓவியம் நிறைந்த அறைகளில்தான் குடும்பம் அன்றாடம் வாழ்ந்தது என்று கருதுவதே, என் பார்வையில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. சமையலும் உறக்கமும் நெசவும் எளிய அறைகளில் நடந்தன. சுவர் முழுவதும் வண்ணம் தீட்டிய அறைகளும், சில பண்ணைகளில் அதற்கென்றே எழுப்பப்பட்ட தனி வீடும், திருமணம் போன்ற விருந்துகளுக்காக ஒதுக்கப்பட்டு, மற்ற நாள்களில் ஆளின்றிக் கிடந்தன. ஆண்டில் சில நாள்களே பயன்படும் அறைக்கு இத்தனை செலவா என்று வியப்போர், அந்த அறைகளை இன்றுவரை காத்தது அந்த வெறுமைதான் என்பதைக் கவனிக்க வேண்டும். அடுப்புப் புகையும் அன்றாடப் புழக்கத்தின் தேய்மானமும் அங்கே எட்டவில்லை. போகெல்ஷோ ஊரின் பண்ணைக் குடும்பம் 1910-இல் புதிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது பழைய வீட்டைத் தட்டுமுட்டுப் பொருள்களோடு அப்படியே விட்டுச் சென்றதால், ஒரு காலத்து வாழ்க்கையே அங்கு கலையாமல் நிற்கிறது.

ஓவியங்களை நகரத்துப் பாணியின் மலிவான நகல் என்று ஒதுக்குவதும் நியாயமன்று. பளிங்கையும் பட்டுத் துணியையும் போலத் தோன்றும் சுவர்களில் பரோக், ரொக்கோகோ எனும் ஐரோப்பிய ஆடம்பர அலங்காரப் பாணிகளின் சாயல் உண்டு; ஆனால் ஊர் ஊராகச் சென்று வேலை செய்த ஓவியர்கள் அவற்றை நாட்டுப்புறக் கலையோடு கலந்து புதிதாக ஒன்றைப் படைத்தனர். விவிலியக் காட்சிகளில் வரும் மாந்தர் ஓவியர் காலத்து உடையில் நிற்பதைப் பிழையென்று கொள்ளாமல், அக்கதையைத் தம் வாழ்வுக்குள் அழைத்துக்கொண்ட மனப்பாங்கென்று கொள்வதே பொருத்தம். ஓவியர்களில் பலருடைய பெயர் தெரியவில்லை என்பதால் எல்லோரையும் பெயரற்றவர்கள் ஆக்கிவிடவும் கூடாது: வால்ஸ்டா ஊரின் பண்ணைவீட்டில், வடிவம் வெட்டிய தகட்டை (ஸ்டென்சில்) வைத்துத் தீட்டப்பட்ட அழகிய சுவர்கள் யூனாஸ் வால்ஸ்ட்ரோம் என்பவருடைய கைவண்ணம்.

ஏழு வீடுகளும் அருங்காட்சியகங்கள் என்று நம்பிப் புறப்படுவோர் ஏமாற நேரும். தனியார் உடைமையாக உள்ளவையும் உண்டு என்பதால் அனுமதியையும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

பராமரிப்பில் நிகழும் தவறுகளோ திருத்த முடியாதவை. பசை கலந்து தீட்டப்பட்ட டிஸ்டெம்பர் வண்ணம் நீரில் கரையக்கூடியது. தூசு துடைக்கிறேன் என்று ஈரத்துணியை வைத்தால் ஓவியமே துணியோடு வந்துவிடும். பளபளப்புக்காக வார்னிஷ் பூசினால் நிறம் கருத்து மாறிவிடும், அதைப் பின்னர் நீக்கவும் இயலாது. நெடுங்காலம் குளிரிலேயே இருந்து பழகிய அறையைக் குளிர்காலத்தில் திடீரெனச் சூடேற்றினால் மரம் உலர்ந்து சுருங்கி, அதன்மேல் உள்ள வண்ணப் படலம் விரிசல் கண்டு உதிரும். வெளிச்சுவருக்கும் இதே கவனம் தேவை. சுவீடனின் ஃபாலுன் நகரச் செப்புச் சுரங்கத்துக் கழிவு மண்ணிலிருந்து எடுத்த செந்நிறப் பொடியை மாவுக் கஞ்சியில் காய்ச்சிப் பூசும் மரபு வண்ணம் மரத்திலுள்ள ஈரத்தை வெளியேற விடும். அதன்மேல் பிளாஸ்டிக் வண்ணம் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பார்வைக்குப் புதிதாகத் தோன்றும் சுவருக்குள் மரம் மக்கத் தொடங்கும்.